செவ்வாய்க்கிழமைச் சீட்டு

என் மணிக்கட்டில் இருக்கும் இந்த இரண்டு பட்டைகளையும்தானே பார்க்கிறாய்? நன்றாகப் பார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை ஓரக்கண்ணால் பார்த்தாய், நான்காவது முறை கேட்டே விட்டாய். கேட்டது நல்லது. பார்த்துக்கொண்டே கேட்காமல் இருப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

வெட்டிவிடவா என்கிறாயா? நூல் வெட்டும் கத்தரி பையிலேயே இருக்கிறதா? சட்டைக் கம்பெனியில் வேலை என்றாய், இருக்கும். பொறு, அவசரமில்லை. இந்தப் பேருந்து செய்யாறு போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். காஞ்சிபுரத்தில் ஓட்டுநர் தேநீர் குடிக்காமல் எடுக்கமாட்டார்.

நான் பூங்காவுக்குப் போய் வருகிறேன். நெடுஞ்சாலையில் போகும்போது மதிலுக்கு மேலே ஒரு பெரிய ராட்டினம் தெரியுமே, அந்தப் பூங்காதான். தனியாகப் போனேன், தனியாகத் திரும்புகிறேன். அறுபது வயதில் இவளுக்கு ராட்டினம் கேட்கிறதா என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். முப்பத்தேழு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தினேன், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. சென்ற மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவள் செவ்வாய்க்கிழமை எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரிடமும் விடுப்பு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை என்பதைக் கவனித்தாயா? நீயும் ஒரு நாள் போவாய், அதனால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். செவ்வாயன்று ஒரு சீட்டின் விலைக்கு இரண்டு பேர் போகலாம். ஆயிரத்து இருநூறு ரூபாய்தான். பூங்காக்காரர்கள் ஓட்டும் வண்டியில் ஏறாதே, தலைக்கு நூற்றைம்பது கேட்பான். போகும் பேருந்து வாசலில் நிற்காது, ஆனால் புறவழிச்சாலையில் இறங்கி நடந்தால் பன்னிரண்டு நிமிடம். வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள், உள்ளே ஒரு தோசை நூற்றெண்பது. ஆகவே நான் வாசலுக்கு எதிரே இருக்கும் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து, பத்து மணிக்கே நான்கு இட்லியை மிளகாய்ப்பொடியோடு சாப்பிட்டு முடித்தேன். தண்ணீர்ப் புட்டியை வெறுமையாகக் கொண்டுபோனால் தடுக்கமாட்டார்கள். கழிவறைக்குப் பின்னால் குடிநீர்க் குழாய் இருக்கிறது, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். பை வைக்கும் பெட்டகம் வாடகைக்கு எடுக்காதே. பெட்டகம் தேவைப்படும் அளவுக்கு எதையும் எடுத்துக்கொண்டே போகாதே. இறங்கும் இடத்தில் ஒருவன் நம்மைக் கேட்காமலேயே புகைப்படம் எடுத்துவிட்டு, சட்டம் போட்டு நீட்டுவான். முகத்தைத் திருப்பிக்கொள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பதினோரு ஆண்டுகள் அந்தப் பூங்காவுக்குப் போயிருக்கிறேன். பள்ளிச் சுற்றுலா. ஒவ்வொரு தையிலும் ஒன்பதாம் வகுப்பை அழைத்துப் போவோம். முப்பது மாணவியருக்கு ஓர் ஆசிரியைக்கு இலவசம் என்பது அவர்கள் விதி. பொறுப்பாசிரியை நான். பதினோரு முறை போனேன், பதினோரு முறையும் பெரிய ராட்டினத்துக்கு எதிரே இருக்கும் சிமெண்ட்டு இருக்கையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பைகளைக் காத்தேன். ஒருமுறைகூட எதிலும் ஏறியதில்லை. கடமை என்று போன இடத்தில் ஆடிக்கொண்டிருக்க முடியாது.

என் மகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். எழிலி. அவள் அப்பா வைத்த பெயர். பெயர் வைத்தவர் அவளுக்கு நான்கு வயதாகும்போது போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவர்தான்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, சுற்றுலாக் கட்டணம் நானூற்றைம்பது ரூபாய். பட்டியலை நான்தான் எழுதினேன். அவள் பெயரை எழுதவில்லை. ஏன் என்று கேள். மறுநாளே ஆசிரியர் அறையில், 'பொறுப்பாசிரியையின் மகள் இலவசச் சீட்டில் வந்தாள்' என்று பேச்சு வரும். நான் கட்டணத்தைக் கட்டி, ரசீதைச் சுவரில் ஒட்டினாலும் பேச்சு வரும். எனக்கு அந்த மனிதர்களைத் தெரியும். ஆகவே அந்த நானூற்றைம்பதை அஞ்சலகத்தில் அவள் பெயரில் போட்டேன். ராட்டினம் நான்கு நிமிடத்தில் நின்றுவிடும், சேமிப்பு நிற்காது என்று அவளுக்கு விளக்கினேன். அழுதிருப்பாள் என்று நினைக்கிறாயா? என் மகள் அழவில்லை. "எனக்கு ஆசையே இல்லம்மா. அதுல ஏறினா எனக்குத் தலை சுத்தும்" என்றாள். அவ்வளவு பக்குவம்.

சுற்றுலா போன அன்று மாலை நான் திரும்பி வந்தபோது ரசம் வைத்து, அப்பளம் பொரித்து வைத்திருந்தாள். நான் கை கழுவுவதற்குள் கேட்டாள்:

"அம்மா, அந்த ராட்டினம் எவ்வளவு உயரம்?"

"நாற்பது மீட்டர் இருக்கும்."

"மேலே போனா என்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் கீழே பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"ஏம்மா, ஓசிச் சீட்டுதானே உனக்கு! ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா? வந்து எனக்காவது சொல்லியிருப்பியே."

ஓசி என்ற சொல்லை என் வீட்டில் பயன்படுத்தாதே என்று கண்டித்தேன். சரிம்மா என்றாள். அவளுக்கு அந்த ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் சரிம்மா. கொஞ்ச நேரம் கழித்து, தட்டுகளைக் கழுவிக்கொண்டே, "ஒருநாள் நாம ரெண்டு பேருமே போயி ஏறிப் பார்க்கலாம்மா. மேலேர்ந்து என்ன தெரியுதுன்னு" என்றாள். படித்து முடி, வேலைக்குப் போ, உன் சம்பளத்தில் கூட்டிக்கொண்டு போ, வருகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் தவறமாட்டேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

சன்னலை மூடிவிடு, தூசி வருகிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

அவள் படித்து முடித்தாள். சென்னையில் வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, ரெண்டு சீட்டு வாங்கிட்டேன், நீ ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு என்றாள். ஞாயிற்றுக்கிழமை விலை! முதல் சம்பளத்தில்! செவ்வாய்க்கிழமை இதில் பாதிக்கும் குறைவு என்பதைப் பார்க்காமலேயே வாங்கியிருக்கிறாள். நான் வளர்த்த பிள்ளை. ரத்து செய் என்றேன். "போயிட்டு வந்திடலாம்மா, இந்த ஒரு தடவை" என்றாள். அப்போதும் கோபப்படவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னாள். பணத்தின் அருமை தெரியாமல் செலவழிப்பதை ஒரு தடவை அனுமதித்தால் அது பழக்கமாகிவிடும். ரத்து செய்தாள். அதற்கு எழுநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தாயா, ஒன்றும் கொடுக்காமல் எழுநூறு ரூபாய்! அதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்த மாதம் மூன்றாவது செவ்வாய் என்று முடிவு செய்தோம். நான் தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அவளும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். இருவருக்கும் அனுமதி கிடைத்தது.

அந்த மாதம் முதல் வாரம் புதன்கிழமை காய்ச்சல் என்றாள். மாத்திரை போட்டுக்கொள், சனிக்கிழமை ஊருக்கு வா, நம் மருத்துவரிடம் காட்டலாம், அங்கே போனால் தேவையில்லாத பரிசோதனையெல்லாம் எழுதுவார்கள் என்றேன். சரிம்மா என்றாள். டெங்கு. வெள்ளிக்கிழமை அவள் தங்கியிருந்த விடுதிப் பெண்கள்தாம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நீ ஏனம்மா கண்ணைத் துடைக்கிறாய்? நான் நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். தகனம் முடிந்த மறுவாரம் நான் பள்ளிக்குப் போய்விட்டேன். பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் பாக்கி இருந்தது.

அந்த மூன்றாவது செவ்வாயன்றும் பள்ளிக்குத்தான் போனேன். எழுதிக் கொடுத்த விடுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அந்த அஞ்சலகப் பணத்தைப் பற்றிச் சொன்னேனே, நானூற்றைம்பது? சென்ற மாதம்தான் போய் வாங்கினேன். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். எனக்கு அவள்தான் வாரிசு, அவளுக்கு நான் வாரிசு என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுத்தர் சின்னப் பையன், என் பழைய மாணவியின் மகனாம், எழுந்து நின்றுகொண்டே எண்ணிக் கொடுத்தான். வட்டியோடு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். செவ்வாய்க்கிழமைச் சீட்டின் விலை என்னவென்று சொன்னேன்? ஆயிரத்து இருநூறு. கணக்கு சரியாக வந்தது. இதற்குமேல் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. வாக்கு என்றால் வாக்கு. செவ்வாய்க்கிழமை, இரண்டு பேர், ராட்டினம்.

இன்று காலை சீட்டுக் கொடுக்குமிடத்தில் அந்தப் பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒன்று என்றால் பாதி விலை உண்டா என்றேன், கேட்டு வைப்பதில் தவறில்லை. "ஒருத்தர்னாலும் அதே ரேட்டுதாம்மா. ரெண்டு பேண்டு தருவோம், ஆள் கொண்டு வர்றது உங்க பாடு" என்றாள். சீட்டுக்குப் பதிலாகக் கையில் கட்டும் இரண்டு பட்டைகளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். நான் ஒன்றை இடக்கையில் கட்டிக்கொண்டேன். மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஒருத்தி ஓடி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பின்னால் பத்துப் பெண்பிள்ளைகள், எல்லோரும் ஒரே மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு. வாலாஜாபாத் பக்கத்தில் மாலைநேரத் தனிப்பயிற்சி நடத்துகிறாளாம், ரெஜினா என்று பெயர். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளாம். காலாண்டு விடுமுறைக்கு அழைத்து வந்திருக்கிறாள்.

"அம்மா, நீங்க தனியாவா வந்திருக்கீங்க? கர்த்தரே அனுப்பின மாதிரி இருக்கு! நாங்க பதினொண்ணும்மா. அஞ்சு ஜோடி போக ஒண்ணு தொங்குது. உங்க கையில இருக்கிற அந்தப் பேண்டை எங்களுக்குக் குடுத்தீங்கன்னா அறுநூறு ரூபா தந்திடுறேன். உங்களுக்கும் பாதி மிச்சம், எங்களுக்கும் ஒரு புள்ளை மிச்சமாகாது."

அறுநூறு ரூபாய் மிச்சம். என்னிடம் வந்து சொல்கிறாள்.

பதினொன்று ஒற்றைப்படை எண். இரண்டிரண்டாக விற்கிற பொருளை வாங்க ஒற்றைப்படையில் ஆள் சேர்த்துக்கொண்டு, கணக்காகப் பணமும் எடுத்துக்கொண்டு வருவது என்ன பொறுப்பு? அதை அவளிடமே கேட்டேன். அவள் தலை குனிந்தாள். "கடைசி நேரத்துல ஒருத்தி சேர்ந்துட்டாம்மா. அவ அப்பா விடமாட்டேன்னாரு, நேத்து ராத்திரிதான் சரின்னாரு. வேன்காரருக்கே பாக்கி வச்சிருக்கேன். வேற யாராச்சும் ஒத்தையா வருவாங்கன்னு நெனச்சேன்." ஒற்றையாக! அந்த இடத்துக்கு ஒற்றையாக யார் வருவார்?

நான் சொன்னேன்: "மன்னிக்க வேண்டும். என்னோடு ஒருவர் வருகிறார்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் அது பொய்யா, சொல்? எந்தப் பணத்தில் வாங்கிய சீட்டு? யாருக்காக வாங்கிய சீட்டு? அதை அறுநூறு ரூபாய்க்கு வாசலில் வைத்து விற்க நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

"வந்துடுவாங்களா? இல்லேன்னா நாங்க வேணா கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறோமே" என்றாள் ரெஜினா. மறுபடியும் யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக, அவள் கண்ணெதிரிலேயே இரண்டாவது பட்டையையும் அதே இடக்கையிலேயே கட்டினேன். கடைசித் துளை வரை இழுத்துப் பூட்டினேன். இந்தப் பட்டை ஒருமுறை பூட்டினால் திறக்காது, தெரியுமா? அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுந்த பட்டை செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. படித்துவிட்டுத்தான் பூட்டினேன்.

அப்போது அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் உயரமான பெண் முன்னால் வந்து, "டீச்சர், நான் வேன்லயே இருந்துக்கறேன். எனக்கு ஆசையே இல்ல டீச்சர். அதுல ஏறினா எனக்குத் தலை சுத்தும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது? எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தச் சிமெண்ட்டு இருக்கைக்கு மட்டும் நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள். நேராக ராட்டினத்துக்குப் போனேன். ஏற்றிவிடும் இளைஞன் கையை நீட்டித் தடுத்தான்.

"தனியா ஏத்தமாட்டோம்மா. பொட்டிக்கு ரெண்டு பேர் இருக்கணும், ரூல்ஸு. கூட யாரு?"

"இரண்டு பட்டை இருக்கிறதே" என்று கையைக் காட்டினேன்.

"பட்டையா வந்து பக்கத்துல உக்காரும்? ஆளைக் கூட்டிட்டு வாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை, "வேற யார் கூடயாவது சேர்த்து உக்கார வைக்கட்டுமா? இதோ இந்தக்கா கூட?" என்றும் கேட்டான். வேண்டாம், என்னோடு வருகிறவர் இதோ வந்துவிடுவார் என்றேன். அவன் வேறு இருவரை ஏற்றினான். நான் எதிரே இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குடும்பம் வந்து, "கொஞ்சம் இந்தப் பையைப் பார்த்துக்கறீங்களா, இதோ வந்துடறோம்" என்றது. பிறகு இன்னொரு குடும்பம். என் முகத்தில் அப்படி எழுதியிருக்கிறதோ என்னவோ. நண்பகலில் என்னைச் சுற்றி ஏழு பைகள் இருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. ரெஜினாவின் பிள்ளைகள் ஒன்பது பேரும் ராட்டினத்தில் ஏறி இறங்கினார்கள். மேலே போனதும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிக் கையாட்டினார்கள். யாரைப் பார்த்து ஆட்டுகிறார்கள் என்று எனக்குக் கீழிருந்து தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தைத் தாண்டித்தான் சாலைக்கு வர வேண்டும். அங்கே ஒரு பழைய வேன். பின் கதவு திறந்திருக்கிறது. ஒரு பெரிய பாத்திரம் எலுமிச்சைச் சோறு, அதைக் காத்துக்கொண்டு ஒரு சமையற்கார அம்மாள். பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த உயரமான பெண். ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே பாதிச் சக்கரம் தெரிகிறது. பிள்ளைகள் கையாட்டியது எங்கே என்று அப்போதுதான் புரிந்தது.

நான் பேசாமல் போயிருக்கலாம். அவள்தான் கூப்பிட்டாள். "டீச்சர், கிளம்பிட்டீங்களா?"

"நான் ஆசிரியை என்று யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீங்க பேசினதே டிக்டேசன் மாதிரி இருந்துச்சு" என்றாள். சமையற்கார அம்மாள், "வாயைப் பாரு! மேகலா, சும்மா இரு" என்று அதட்டினாள். நான் கோபப்படவில்லை.

"அந்தச் சக்கரத்துல இருவத்தெட்டுப் பொட்டி டீச்சர். ஒரு சுத்துக்கு நாலு நிமிசம். காத்தடிச்சா மெதுவாப் போவுது" என்றாள். காலையிலிருந்து எண்ணியிருக்கிறாள். "நீங்க ஏறினீங்களா?"

"இல்லை."

"ஏன், ரெண்டு பேண்டு இருந்துச்சே?"

அந்த அம்மாள் இடைமறித்து, "பாவம், கூட வர்றேன்னவங்க வரலியா?" என்றாள்.

"வரவில்லை" என்றேன்.

சொன்னதும் ஒன்று தோன்றியது. என்னுடைய பட்டையைத்தான் வாயிலில் இயந்திரத்தில் காட்டினேன், மற்றது இன்னும் உள்ளே போகவில்லை. பூங்கா மூட மூன்று மணி நேரம் இருக்கிறது. அது செல்லும். அறுக்காமல் கழற்ற முடிந்தால் அந்தப் பெண் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். நான் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. வேனிலிருந்து குதித்தாள். "அக்கா, எண்ணெய் இருக்கா?"

சோற்றுக்குத் தாளித்தது போக மீதி நல்லெண்ணெய் ஒரு சிறு புட்டியில் இருந்தது. என் கையில் ஊற்றித் தேய்த்தார்கள். அந்த அம்மாள் என் ஐந்து விரல்களையும் குவித்துப் பிடித்துக்கொள்ள, இவள் பட்டையை இழுத்தாள். "வளையல் போடுற மாதிரி கையைத் தளர்த்துங்க டீச்சர். அய்ய, இரும்பாட்டம் வச்சிருக்காங்களே!" இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. கால் மணி நேரம் இழுத்தோம். முதலில் ஒன்று, பிறகு மற்றது, ஒன்று வந்தால் அடுத்ததும் வரும் என்று இரண்டையும். கட்டைவிரல் முட்டியைத் தாண்டவே இல்லை. இதோ பார், தோல் உரிந்திருக்கிறது. கடைசித் துளை வரை இழுத்துப் பூட்டியவள் நான். நான் ஒன்றைப் பத்திரப்படுத்தினால் அப்படித்தான் பத்திரப்படுத்துவேன்.

எண்ணெய்க் கையோடு சீட்டு விற்குமிடத்துக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். முழு விலைக்கே ஒன்று கொடுங்கள் என்றேன். இரண்டு மணிக்கே விற்பனை முடிந்துவிட்டது என்று கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். பையில் பணம் இருந்தது. சீட்டு வாங்கியதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத பணம்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம், "அடுத்த செவ்வாய் நானே உன்னை அழைத்துப் போகிறேன். நீயும் நானும் இரண்டு பேர். சரியாக இருக்கும்" என்றேன்.

அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள், "அடுத்த செவ்வா பள்ளிக்கூடம் இருக்குமே டீச்சர். நாளைக்கு ஒரு நாள்தானே லீவு" என்றாள். முப்பத்தேழு ஆண்டுகள் பள்ளியில் இருந்தவளுக்கு அது மறந்துபோயிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமைன்னா நான் வருவேன் டீச்சர்" என்றாள் மேகலா.

நான் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு இரண்டு கிடையாது."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து அதுவாக வந்தது. வந்து வெளியே விழுந்த பிறகுதான் என் காதில் கேட்டது.

அந்தப் பெண் ஒன்றும் வருத்தப்படவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தட்டுக் கழுவுகிறவள் திரும்பிப் பார்க்காமல் சொல்வதுபோல, சரிங்க டீச்சர்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நடந்து வந்துவிட்டேன். அவள் முகவரி கேட்டேனா என்றால் கேட்கவில்லை. ரெஜினாவின் எண்ணைக்கூட வாங்கவில்லை. சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, நிழற்குடையில் காலையில் இட்லி சாப்பிட்ட அதே இடத்தில் நின்றேன். அங்கிருந்தும் ராட்டினம் தெரிகிறது. பொழுது சாயும்போதுதான் பேருந்து வந்தது. ஏறினேன். பிறகு நீ ஏறினாய்.

காஞ்சிபுரம் வந்துவிட்டதா? ஆமாம், விளக்கு தெரிகிறது. தேநீருக்கு நிறுத்துவார். எடு உன் கத்தரியை. இந்தக் கையோடு ஊருக்குள் போய் இறங்கினால் பத்துப் பேர் கேட்பார்கள். ஒன்றை மட்டும் வெட்டு. என்னுடையதை மட்டும். மற்றது இருக்கட்டும்.

இதுவா? இரு. இதை முதலில் கட்டினேன், ஆகவே மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பது என்னுடையது. இல்லை, எண்ணெய் போட்டு இழுக்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின. விளக்கு வெளிச்சத்தில் பிடி. இரண்டிலும் எண் இருக்கிறது பார், ஆனால் காலையில் நான் எண்ணைப் பார்த்து வைக்கவில்லை. எதையும் எழுதி வைக்கிறவள், இதை எழுதி வைக்கவில்லை. இரண்டும் ஒரே நிறம். ஒரே நீளம்.

கத்தரியை உள்ளே வை அம்மா. வேண்டாம். அந்தப் பூங்கா வாயிலில் இருக்கிற இயந்திரத்துக்குத் தெரியும், எது உள்ளே போனது, எது போகவே இல்லை என்று. எனக்குத் தெரியவில்லை.